ஆகாயத்தில் ஒரு மணி நேரம்

"சென்னை இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று வாழப்பாடிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும், மைல் கணக்கோ கிலோமீட்டர் கணக்கோ பதிலாக வராது. "அஞ்சரை மணி நேரங்க, வழியிலே சாப்பிட இறங்கினா ஆறு ஆயிடும்" என்றுதான் சொல்வார்கள். தூரத்தைப் பொழுதைக் கொண்டு அளப்பது நமது நாட்டின் பழைய வழக்கம். நாழிகை வழி என்றும் ஒரு பகல் நடை என்றும் நம் பாட்டனார்கள் சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால், ஆகாய விமானக் கம்பெனியாரின் அட்டவணையைப் புரட்டினால் வேறொரு சங்கதி தெரிய வருகிறது. சேலத்திலிருந்து சென்னைக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்று அதில் போட்டிருக்கிறது. வாழப்பாடியோ சேலத்துக்குக் கிழக்கே முப்பதே கிலோமீட்டரில், சென்னைக்குப் போகிற சாலையின் மேலேயே இருக்கிறது. அப்படியானால் பாக்கி நாலரை மணி நேரத்தை யார் தின்றுவிட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டதில் நமக்குக் கிடைத்த சில விவரங்கள் நேயர்களுக்கும் ருசிக்கும் என்று நம்புகிறோம்.

* * *

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. மேற்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலை. இரண்டுக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது வாழப்பாடிச் சமவெளி. சாலையின் இருபுறமும் மரவள்ளிக் கிழங்குக் கொல்லைகள். நீர்வளம் உள்ள இடங்களில் வானளாவ நிற்கும் கமுகந் தோப்புகள். கிழங்கு சவ்வரிசியாகிறது, பாக்கு உரிபட்டு, வெந்து, உலர்ந்து ஊர் ஊராகப் போகிறது. அரசியல் பேசுகிறவர்களுக்கு இந்த ஊர் வாழப்பாடி இராமமூர்த்தி அவர்களின் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். 1998-இல் மத்திய சர்க்காரில் பெட்ரோலிய மந்திரியாயிருந்து, ஊரின் பெயரைத் தில்லி வரையில் கொண்டு சென்றவர் அவர்.

இந்தச் சமவெளியின் நதி வசிஷ்ட நதி. அதன் கரையோரமாக ஐந்து சிவஸ்தலங்கள் பஞ்சபூத ஸ்தலங்களாகக் கொண்டாடப்படுகின்றன. வாழப்பாடியை அடுத்த பேளூர் மண், ஏத்தாப்பூர் நீர், ஆத்தூர் நெருப்பு, ஆறகழூர் காற்று, கடைசியாகக் கூகையூர் ஆகாயம். நதியின் போக்கிலேயே கிழக்கு நோக்கி நடந்தால், மண்ணில் தொடங்கி ஆகாயத்தில் போய் முடியலாம். ஆகாயத்தை அடைய இதைவிடச் சுலபமான மார்க்கத்தை வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் காலத்து ஆகாய மார்க்கமோ எதிர்த் திசையில் இருக்கிறது. சேலம் விமான நிலையம் நகருக்கு வடமேற்கே, ஓமலூருக்கு அருகில் காமலாபுரத்தில் அமைந்தது. வாழப்பாடியிலிருந்து மேட்டுப்பட்டிச் சுங்கச் சாவடி, அயோத்தியாப்பட்டணம், சேலம் நகரம், ஓமலூர்ச் சாலை என்று கடந்து போனால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கிழக்கே போக வேண்டியவன் முதலில் மேற்கே ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். இதுதான் நமது கணக்கில் விழுந்த முதல் முடிச்சு.

* * *

இனி ஆகாயத்தின் கணக்கைப் பார்ப்போம்.

தேசப் படத்தை விரித்து, காமலாபுரத்தில் ஒரு குண்டூசியும் மீனம்பாக்கத்தில் ஒரு குண்டூசியும் குத்தி, நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் சுமார் 265 கிலோமீட்டர் வருகிறது. பழைய கணக்கில் 165 மைல். விமானிகள் உபயோகிக்கும் கடல் மைல் கணக்கில் 143. அந்த நூல் சேர்வராயன் மலையின் வடபாகத்தைத் தாண்டி, அரூருக்குப் பக்கமாகச் சென்று, திருவண்ணாமலையைத் தெற்கே விட்டுவிட்டு, செய்யாற்றின் மேலாகப் போய்ச் சென்னையைத் தொடுகிறது. வாழப்பாடிக்கு வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளித்தான் அது போகிறது. ஆகவே, நம் ஊரார் அண்ணாந்து பார்த்து, "அதோ நம்ம விமானம்!" என்று சொல்லிக் கொள்வதற்குக்கூட வழியில்லை.

இந்தத் தடத்தில் பறக்க ஏற்றவை ஏ.டி.ஆர். என்னும் இரட்டை விசிறி விமானங்கள். ஏறக்குறைய எழுபதிலிருந்து எண்பது பேர் உட்காரலாம். இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் கீழே உள்ள மலையும் ஏரியும் வயலும் மறைவில்லாமல் தெரியும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் 265 கிலோமீட்டரைக் கடக்க முப்பத்திரண்டு நிமிஷம் போதுமே. அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரம்?

காரணம் இருக்கிறது. கதவைச் சாத்திய நிமிஷத்திலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் நிமிஷம் வரையில் உள்ளதே அட்டவணையின் கணக்கு. ஓடுபாதையின் முனைக்கு உருண்டு போக வேண்டும். காற்றின் திசையைப் பார்த்து எழும்ப வேண்டும். மெள்ள மெள்ள உயரம் ஏற வேண்டும். ஏறி முடித்துச் சற்று நேரம் நிதானமாகப் பறப்பதற்குள் இறங்கத் தொடங்கும் வேளை வந்து விடுகிறது. சென்னையில் இறங்குவதற்கு மற்ற விமானங்களோடு வரிசையில் நிற்க வேண்டும்; ஆகாயத்தில் வரிசை என்றால் வட்டம் சுற்றுவதுதான். இறங்கிய பிறகும் நிற்கும் இடம் வரையில் உருள வேண்டும். முழு வேகத்தில் பறக்கும் நேரம் இதில் ஒரு சிறு பங்குதான். தடம் எவ்வளவு குறுகியதோ, அவ்வளவுக்கு இந்த ஏற்ற இறக்கச் செலவு அதிகமாகத் தெரிகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக மாட்டு வண்டி பூட்டுகிற கதைதான்.

சேலத்தில் விமானம் நிலைத்து நின்ற கதையும் சுலபமானதல்ல. 1993-இல் நிலையம் திறக்கப்பட்டது. முதலில் வந்த சர்வீஸ் நீடிக்கவில்லை. 2009-இல் மறுபடி ஒரு கம்பெனி வந்தது. இரண்டு வருஷத்தில் அதுவும் நின்றது. சிறு நகரங்களுக்கு விமானம் விடுவதற்காக மத்திய சர்க்கார் வகுத்த உடான் திட்டத்தின்கீழ் 2018-ஆம் வருஷம் மார்ச் 25-ந் தேதி மூன்றாம் முறை சென்னை விமானம் தொடங்கி, 2021-இல் ஓய்ந்தது. நான்காம் முறையாக 2023 அக்டோபரில் ஆரம்பமாயிற்று. முப்பது வருஷத்தில் நாலு முறை தொடங்கியது, போக விரும்புகிறவர்கள் இருப்பதைக் காட்டுகிறது. மூன்று முறை நின்றது, அந்த விருப்பம் மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது.

* * *

இப்போது வாழப்பாடி வாசற்படியிலிருந்து சென்னை நகரத்து வாசற்படி வரையில் கணக்கை எழுதிப் பார்ப்போம். இது நாம் போட்ட உத்தேசக் கணக்குத்தான். போக்குவரத்து நெரிசலைப் பொறுத்துக் கால் மணி முன்பின் ஆகலாம்.

வாழப்பாடியிலிருந்து காமலாபுரம் வரையில் சாலையில் ஒன்றே கால் மணி. நிலையத்தில் முன்னதாகப் போய்ச் சோதனைகளுக்கு உட்பட்டுக் காத்திருப்பது ஒன்றே கால் மணி. விமானத்தில் ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியைப் பெற்று வெளியே வருவது அரை மணி. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் நகரத்தின் மத்திக்கு முக்கால் மணி. ஆக மொத்தம் நாலே முக்கால் மணி.

சொந்தக் காரில் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாக 310 கிலோமீட்டரையும் கடந்தால் ஐந்தரை மணி. மிச்சமாவது முக்கால் மணிதான்! பஸ்ஸில் போகிறவருக்குச் சற்று அதிகம் மிச்சம். ஏனென்றால், 2023 டிசம்பர் முடிவில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்த பிறகு, தென் ஜில்லாக்களின் பஸ்கள் அங்கேயே நின்று விடுகின்றன; நகரத்துக்குள் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. பட்டணம் தன் வாசலைத் தானே தள்ளி வைத்துக் கொண்டிருக்கிறது. அதற்காக விமானத்துக்கு ஓடலாம் என்றாலோ, பஸ் இரவும் பகலும் போகிறது. விமானம் நாளில் ஓரிரு தடவைதான். நமக்கு வேலை எப்போது என்று அது கேட்பதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வாழப்பாடியிலிருந்து கிழக்கே ஒவ்வொரு கிலோமீட்டர் நகரும்போதும் விமான நிலையம் தூரப் போகிறது. சென்னை கிட்ட வருகிறது. புத்திரகவுண்டன்பாளையத்தைத் தாண்டுகிறோம். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் ஆன 146 அடி உயர முத்துமலை முருகன் நெடுஞ்சாலைப் பிரயாணிகளைக் குனிந்து பார்க்கும் இடம் அது. இன்னும் சிறிது போய் ஆத்தூரை நெருங்கும்போது காரும் விமானமும் சமமாகி விடுகின்றன. அதாவது, சேலம் விமானத்தின் ராஜ்யம் அந்த எல்லையோடு முடிகிறது. சின்னசேலத்துக்காரருக்குச் சென்னை விமானத்தால் ஒரு நிமிஷமும் மிச்சமில்லை.

சேலம் நகரவாசிக்காவது லாபம் உண்டா என்று பார்த்தோம். அவருக்கு விமானக் கணக்கு நாலே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. அவருடைய ஜங்ஷனுக்கு 1861-ஆம் வருஷமே ரயில் வந்து விட்டது. அதே ஜோலார்பேட்டை மார்க்கத்தில் 334 கிலோமீட்டரை, 2023 ஏப்ரலில் தொடங்கிய கோயம்புத்தூர் வந்தே பாரத் ரயில் மூன்றரையிலிருந்து நாலு மணிக்குள் கடந்து சென்ட்ரலில் கொண்டுபோய் இறக்குகிறது. மணிக்கு 500 கிலோமீட்டர் பறப்பதும் தரையில் ஓடுவதும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கின்றன!

* * *

இது நமது நாட்டின் குறைபாடு என்று நேயர்கள் எண்ண வேண்டாம். ஐரோப்பாவின் இரண்டு பெருநகரங்களான லண்டனும் பாரிஸும் இதே பாடத்தைப் படித்தவை. அவற்றின் இடையே பறவை பறக்கும் தூரம் சுமார் 340 கிலோமீட்டர். விநோதமாக, சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே உளுந்தூர்ப்பேட்டை வழிச் சாலைத் தூரமும் அதுவே. 1919-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி அந்த இரு நகரங்களுக்கும் இடையே தினசரி விமான சர்வீஸ் தொடங்கியபோது, முதல் விமானத்தில் ஏறியவர் ஒரே பிரயாணி. அவரோடு ஒரு கட்டுப் பத்திரிகையும் கொஞ்சம் பாலேடும் சென்றன. பிரயாணம் இரண்டரை மணி நேரம்.

இன்று விமானம் ஒன்றே கால் மணியில் போகிறது. ஆனால், கடலுக்கு அடியில் ஐம்பது கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் 1994-இல் திறந்த பிறகு, ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்கும் ரயில் இரண்டே கால் மணியில் சேர்க்கிறது. விமானத்தைவிட ஒரு மணி அதிகம். இருந்தும் பெரும்பாலோர் ரயிலைத்தான் நாடுகிறார்கள். அட்டவணையில் தோற்ற ரயில் வாசற்படிக் கணக்கில் ஜயித்து விட்டது. பிரான்சு தேசத்தார் இன்னும் ஓர் அடி முன்னே போனார்கள். இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக் கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்ற விதியை 2023-இல் அமலுக்குக் கொண்டு வந்து, பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நாந்த், பொர்தோ நகரங்களுக்குப் போன விமானங்களை நிறுத்தினார்கள்.

விமானத்தின் உண்மையான பெருமை நீண்ட தூரத்தில்தான். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைச் சுமந்து பறந்து வந்தார். அவருடைய தோழர் நெவில் வின்ஸென்ட் அதைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அன்று மிச்சமானது நிமிஷங்கள் அல்ல, நாட்கள். காமலாபுரத்திலிருந்து ஹைதராபாத்துக்குப் பறக்கும் சேலத்துக்காரருக்கு இன்றும் அந்த லாபம் உண்டு. சென்னைக்குப் பறக்கிறவருக்குத்தான் இல்லை.

* * *

இவ்வளவும் நிமிஷக் கணக்கு. இனிச் சொல்லப் போவது நிலக் கணக்கு.

2018-இல் சென்னைக்கும் சேலத்துக்கும் நடுவே எட்டு வழி விரைவுச் சாலை ஒன்று போடும் யோசனை வெளியாயிற்று. நீளம் 277 கிலோமீட்டர். மதிப்பு சுமார் 10,000 கோடி ரூபாய். பிரயாண நேரம் பாதியாகக் குறையும் என்றார்கள். நாம் குண்டூசி குத்தி இழுத்த நூலின் நீளம் 265 என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதாவது, ஆகாயத்தில் உள்ள கோட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து நிலத்தின் மேல் வைத்து விடுவதுதான் அந்த யோசனை.

ஆகாயத்தின் கோடு யாருடைய கிணற்றையும் தூர்ப்பதில்லை. நிலத்தின் கோட்டுக்கோ ஐந்து ஜில்லாக்களில் ஏறக்குறைய 1,900 ஹெக்டேர் தேவைப்பட்டது. சேலத்துக்குக் கிழக்கே உள்ள கிராமங்களிலும் தென்னந் தோப்பு, நெல் வயல், வீடு என்று பாராமல் அளவுக் கற்கள் நடப்பட்டன. நிலம் உடையவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஏப்ரல் 8-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் நிலம் எடுக்கும் நடவடிக்கையை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சாலைக்கான அறிவிப்புச் செல்லும் என்றும், ஆனால் ரெவினியூ கணக்கில் நிலத்தின் உரிமையை முன்கூட்டியே மாற்றி எழுதியது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. சாலை போடப்படவில்லை.

ஆகாயத்துக்கும் நிலம் வேண்டும் என்பதைக் காமலாபுரத்துக்காரர்கள் அறிவார்கள். பெரிய விமானங்கள் இறங்குவதற்காக நிலையத்தை விஸ்தரிக்க ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும் என்றபோது, அந்தச் சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் மறுப்புச் சொல்லி எழுந்தார்கள்.

ஒரு கமுகந் தோப்பைக் கன்று வைத்துப் பலன் காண ஐந்தாறு வருஷம் ஆகிறது. அந்தத் தோப்புக்காரனிடம் போய், "உன் நிலத்தைக் கொடு, சென்னைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாகும்" என்றால், அவன் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பான்: "மிச்சம் யாருக்கு?" வேகம் வேண்டாம் என்பவன் அல்ல அவன், அவன் பெண்ணும் பிள்ளையும் சென்னையில் படிக்கிறார்கள், தீபாவளிக்கு அவர்கள் நேரத்தோடு வீடு வந்து சேர வேண்டுமே என்று சாலையைப் பார்த்துக் கொண்டிருப்பவனும் அவன்தான். அவனுடைய கேள்விக்கு நேரான பதில் சொல்லாமல் எந்தக் கோட்டையும் படத்தில் நேராக்கிவிட முடியாது.

* * *

நேரம் நடுவழியில் அவ்வளவாக வீணாவதில்லை. ஓரங்களில்தான் வீணாகிறது என்பதே இந்தக் கணக்கிலிருந்து நாம் அறிந்தது. விமானத்தை இன்னும் வேகமாகப் பறக்கச் செய்தால் ஐந்து நிமிஷம் குறையும். காமலாபுரத்துக்குப் போகும் ஒன்றே கால் மணியில் கை வைத்தால் அரை மணி குறையலாம்.

ஆகவே, புதிதாக ஒரு கோடு இழுக்கு முன், இருக்கிற கோடுகளைச் சீர் செய்து பார்க்கலாம் என்பது நம் அபிப்பிராயம். சேலம்–உளுந்தூர்ப்பேட்டைச் சாலை நாலு வழியானபோது, வாழப்பாடி, ஆத்தூர் போன்ற ஊர்களின் புறவழிகள் மட்டும் இரு வழியாகவே விடப்பட்டன. அகன்ற சாலையில் வேகமாக வந்த வண்டிகள் அங்கே திடீரென்று குறுகி எதிரும் புதிருமாக மோதி, எத்தனையோ உயிர்களைப் பலி கொண்டன. அந்தப் புறவழிகளை அகலப்படுத்துவது நிமிஷத்தையும் மிச்சப்படுத்தும், உயிரையும் மிச்சப்படுத்தும்.

அடுத்தபடி ரயில். வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலத்துக்குப் போகும் பாதை ஒரு காலத்தில் மீட்டர் அகலம். பிறகு அகலப் பாதை ஆயிற்று. சேலத்திலிருந்து அந்த வழியாக எழும்பூர் சுமார் 350 கிலோமீட்டர்தான். இரவில் ஒரு விரைவு ரயில் போகிறது. இருந்தாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழி விட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் பிரயாணியின் தலையில் விழுகிறது. இந்தப் பாதையைச் செம்மை செய்து பகலிலும் ஒரு விரைவு ரயில் விட்டால், வாழப்பாடிக்காரர் மேற்கே போய்க் கிழக்கே பறக்க வேண்டிய அவசியமே இராது. அதற்கு வேண்டிய நிலத்தில் பெரும் பகுதி ஏற்கெனவே ரயில்வேயின் வசம் இருக்கிறது. யாருடைய தோப்பிலும் புதிதாகக் கல் நட வேண்டியதில்லை.

அது வரையில் விமானத்தில்தான் போவேன் என்கிறவர்களை நாம் தடுக்கவில்லை. ஜன்னல் ஓரமாக இடம் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். சேர்வராயன் மலையை மேலேயிருந்து பார்ப்பது ஒரு காட்சிதான். ஆனால், புறப்படுகிற அன்று காலையில் வீட்டில், "ஒரு மணி நேரத்தில் சென்னை போய்ச் சேர்ந்து விடுவேன்" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். நாலே முக்கால் மணி என்று சொல்லுங்கள். வீட்டிலுள்ளவர்கள் வீணாகக் கவலைப்பட மாட்டார்கள்.